எண்பத்தேழில் ஒன்று

இதை எழுதட்டுமா என்று அவனிடமே கேட்டேன். "எழுதிக்கோ. பேரை மட்டும் போட்டுடாத. பேரன் படிச்சிட்டு வந்து கேள்வி கேப்பான்" என்றான். ஆகையால் இதில் அவன் பெயர் "சைக்கிள்". எங்கள் தெருவிலும் அவனுக்கு அதுதான் பெயர். மூன்றாவது ஆள் ஒரு பிரெஞ்சு வாத்தியார். காரைக்காலில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தே ரிட்டயர் ஆனவர். எங்களைவிட நாலு வயது மூத்தவர் என்பதால் எங்கள் இரண்டு பேருக்கும் அவர் "சார்".

2024 பிப்ரவரியில் ஷீரடிக்குப் போய்வருவோம் என்று சார் கூப்பிட்டார். அவர் மகள் புனேயில் இருக்கிறாள், அங்கே இரண்டு நாள் தங்கிவிட்டு ஷீரடி போகலாம், டிக்கெட் பொறுப்பு எல்லாம் தன்னுடையது என்றார். நானும் சரி என்றேன். குறித்த நாளில் காரைக்கால் ஸ்டேஷனுக்குப் போனால், பிளாட்பாரத்து பெஞ்சில் ஒரு ரெக்சின் பையை மடியில் வைத்துக்கொண்டு சைக்கிள் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு தண்டவாளத்தைப் பார்க்க ஆரம்பித்தான். அவன் வருகிறான் என்று சார் என்னிடம் சொல்லவில்லை. நான் வருவதை அவனிடமும் சொல்லியிருக்கவில்லை. டிக்கெட்டுக்குப் பணம் கட்டியாயிற்று, திரும்பிப் போனால் கேன்சலேஷன் சார்ஜ். எங்கள் இருவருக்கும் பென்ஷன்காரப் புத்தி. (அவனுக்குப் பென்ஷன் கிடையாது, புத்தி மட்டும் உண்டு.) ஏறி உட்கார்ந்தோம்.

நானும் அவனும் பேசி அப்போது பதினாலு மாதம் ஆகியிருந்தது.

காரணத்தைச் சொல்ல வேண்டுமானால் ரயிலில் இருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். பேரளத்திலிருந்து காரைக்காலுக்கு 1898இல், பிரெஞ்சுக்காரர்கள் இருந்த காலத்திலேயே, மீட்டர் கேஜ் ரயில் வந்துவிட்டது. 23 கிலோமீட்டர். அம்பகரத்தூர், திருநள்ளாறு வழியாக வரும். சின்ன வயதில் அப்பாவோடு பேரளம் போய் மெயின் வண்டி பிடித்து மெட்ராஸ் போயிருக்கிறேன். கரி என்ஜின். ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் கண்ணில் கரி விழும், அம்மா முந்தானையைச் சுருட்டி ஊதி ஒத்தடம் கொடுப்பாள். 1987இல் அந்த வண்டியை நிறுத்தினார்கள். பஸ் அரை மணிக்கு ஒன்று ஓடும்போது இந்த ஆமை வண்டி எதற்கு என்று ஊரில் பலரும் பேசினோம். நானும் பேசினேன். அப்போது எனக்கு 27 வயது, தபால் ஆபீசில் வேலை, ரயிலைவிட வேகமாகப் போக வேண்டிய அவசரம் எதுவும் கிடையாது. ஆனாலும் பேசினேன்.

ஆண்டுகள் போகப்போகத்தான் இழந்தது என்ன என்று தெரிந்தது. 2011 கடைசியில் நாகூர் வழியாகக் காரைக்காலுக்கு அகலப்பாதை வந்தது. சந்தோஷம்தான், ஆனால் பேரளம் பாதை திரும்பி வரவில்லை. பணியில் இருந்தபோதும் ரிட்டயர் ஆன பிறகும் பேரளம் பாதைக்காகக் கையெழுத்து வாங்கி மனு அனுப்பும் கூட்டத்தில் நானும் ஒருவன். என் கையிலிருந்த தாள்களில் முதல் கையெழுத்து சைக்கிளுடையது. அவன் கடை பெஞ்சில் வைத்து, கிரீஸ் கையோடு போட்டான். தாளில் கட்டைவிரல் ரேகை மாதிரி ஒரு கறை.

அந்தக் கடை இருந்த இடம் பழைய ரயில் பாதையை ஒட்டியது. தண்டவாளம் இல்லாமல் போன பிறகு, 1990 வாக்கில் அவன் அப்பா அங்கே ஒரு கீற்றுக்கொட்டகை போட்டார். பிறகு ஓடு, பிறகு ஷட்டர். பத்தடிக்கு எட்டடி. வாடகைக்கு மணிக்கணக்கில் சைக்கிள் விட்ட காலம் போய், பஞ்சர் ஒட்டும் காலமும் பாதி போய், கடைசியில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் இலவச சைக்கிள்களுக்குப் பிரேக் கட்டை மாற்றிக்கொண்டிருந்தான். புதுப்பாதை வேலை ஆரம்பித்ததும் நோட்டீஸ் வந்தது. அவன் ஒருத்தனுக்கு மட்டும் அல்ல, வரிசையாகப் பல பேருக்கு. 2022இல் ஒரு நாள் காலையில் மெஷின் வந்தது. கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

அதற்காக அவன் என்னோடு பேசாமல் இருக்கவில்லை. கடை போன மறுநாள்கூட என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து காபி குடித்தான். பிறகு ஒரு நாள் டீக்கடையில் யாரோ இந்தப் பேச்சை எடுக்க, நான், "ரயில்வே இடம்தானே, முப்பது வருஷம் வாடகை இல்லாம அனுபவிச்சாச்சு, போதாதா?" என்று சொல்லிச் சிரித்தேன். சிரித்தேன் என்பதுதான் விஷயம். அது நாலு வாய் மாறி அவன் காதுக்குப் போனது. அதோடு நின்றது பேச்சு.

வண்டி நாகூர், நாகப்பட்டினம், திருவாரூர் என்று சுற்றிக்கொண்டு வடக்கே திரும்பி, பேரளத்தைக் கடந்தது. வீட்டிலிருந்து 23 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் ஊருக்கு ஜில்லாவைச் சுற்றி வந்திருக்கிறோம். வேறு நாளாக இருந்தால் நான் அதை ஒரு பிரசங்கமாகச் சொல்லியிருப்பேன். வாயைத் திறக்கவில்லை. சைக்கிள் ஜன்னல் வழியே புதிதாகக் கொட்டியிருந்த ஜல்லியைப் பார்த்துக்கொண்டு வந்தான். சார் எலுமிச்சை சாதப் பொட்டலத்தைப் பிரித்து நடுவில் வைத்தார். இரண்டு பேரும் ஒரே பொட்டலத்திலிருந்து எடுத்துச் சாப்பிட்டோம், ஒருவரை ஒருவர் பார்க்காமல். மறுநாள் புனேயில் இறங்கும்வரை இதே கதை. இடையில் குண்டக்கல்லில் டீ வாங்கும்போது சில்லறை இல்லாமல் நான் தடுமாற, அவன் எனக்கும் சேர்த்துக் கொடுத்தான். கொடுத்துவிட்டு சாரிடம், "பத்து ரூபா, கணக்குல வச்சிக்குங்க சார்" என்றான்.

மறுநாள் காலையில் சாரின் மகள், "அங்கிள், இங்க பக்கத்துல ரயில் மியூசியம் ஒண்ணு இருக்கு, பொம்மை ரயில்தான், ஆனா பெரியவங்கதான் நிறைய போறாங்க" என்றாள். எனக்கு இஷ்டமில்லை. ரயில் என்றாலே அன்றைக்கு என் வாய் கசந்தது. சாருக்கு ஒரே உற்சாகம்.

கோத்ரூடில் இருக்கிறது ஜோஷி மினியேச்சர் ரயில்வே மியூசியம். பாவூசாஹேப் ஜோஷி என்று ஒரு தொழிலதிபர். சிறு வயதிலிருந்தே மாதிரி ரயில்கள் மேல் பைத்தியம். முதலில் தற்காலிகமாகக் கண்காட்சி வைத்துப் பார்த்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் கோர்த்து, பிரித்து, மறுபடி கோர்ப்பது பெரும் பாடு, சாமான்களும் உடையும். கல்யாணப் பந்தல் போடுகிறவர்களைக் கேட்டால் இந்தக் கஷ்டம் தெரியும். கடைசியில் நிரந்தரமாகவே ஒரு குட்டி நகரம் கட்டி, 1998 ஏப்ரல் 1இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். அவர் காலத்துக்குப் பிறகு குடும்பத்தார் நடத்துகிறார்கள்.

உள்ளே போனால் ஒரு ஹால் நிறைய ஊர். நான் பொம்மைக்கடை மாதிரி எதையோ எதிர்பார்த்துப் போனவன், கொஞ்சம் திகைத்துத்தான் நின்றேன். மலை, குகை, மேம்பாலம், ஸ்டேஷன், ரயில்வே கேட், சர்க்கஸ் கூடாரம், நீச்சல் குளம், காரில் உட்கார்ந்தபடியே படம் பார்க்கும் திறந்தவெளி தியேட்டர். கரி என்ஜினும் உண்டு, புல்லட் ரயிலும் உண்டு, ஜெர்மனியில் இருப்பதுபோல் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு போகும் ரயிலும் உண்டு. விரல் நகத்தளவு மனிதர்கள் பிளாட்பாரத்தில் பெட்டியோடு நிற்கிறார்கள். ஒரு பேட்ச் ஆட்களைச் சுற்றி உட்காரவைத்து, விளக்கம் சொல்லிக்கொண்டே ஒவ்வொரு வண்டியாக ஓட விடுகிறார்கள். சிக்னல் சிவப்பானால் வண்டி நிற்கிறது. பச்சையானால் கிளம்புகிறது. யாரும் தொடுவதில்லை.

இந்த மாதிரி ரயில்களுக்கு எச்.ஓ. ஸ்கேல் என்று பெயர். சார் பிரெஞ்சில் "ஆஷ் ஓ" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டார். ஓ என்ற பெரிய அளவில் பாதி, அதனால் ஹாஃப் ஓ, அதன் சுருக்கம் எச்.ஓ. நிஜத்தில் 87 அடி இருப்பது இங்கே ஓர் அடி. சார் என் பக்கம் குனிந்து, "எம்பத்தேழு! நம்ம வண்டிய நிறுத்தின வருஷம்" என்றார். இந்த மாதிரிப் பொருத்தங்களைக் கண்டுபிடிப்பதில் அவருக்கு ஈடு கிடையாது. பிரெஞ்சில் ஸ்டேஷனுக்கு "கார்" என்று பேர், அதனால்தான் நம் ஊர் காரைக்கால் என்று ஒருமுறை எல்.கே.ஜி. படிக்கும் பேத்தியிடம் சொல்லி, அது போய் டீச்சரிடம் சொல்லி, அந்தக் கதையை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

பகல் முடிந்து இரவு வருவதுபோல் ஹாலில் விளக்குகளை அணைத்தார்கள். குட்டி ஊரில் தெருவிளக்குகள், வீட்டு ஜன்னல்கள், சர்க்கஸ் கூடாரம் எல்லாம் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்தன. பெட்டிகளுக்குள் வெளிச்சத்தோடு ஒரு பாசஞ்சர் வண்டி வளைந்து போனது. பின்னால் உட்கார்ந்திருந்த குழந்தை ஒன்று மராத்தியில் ஏதோ கத்தியது. அப்போதுதான் இருட்டில் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"அன்னைக்கு டீக்கடையில அப்படிச் சொன்னியா?"

சார் நடுவில் இருந்தவர், எப்போது எழுந்து அந்தப் பக்கம் போனார் என்று தெரியவில்லை. பக்கத்தில் சைக்கிள் இருந்தான்.

வரும் வழியெல்லாம், அப்படிக் கேட்டால் என்ன சொல்வது என்று நான் தயார் செய்து வைத்திருந்தேன். விளையாட்டுக்குச் சொன்னது, நாலு பேர் திரித்துவிட்டார்கள், நான் சொல்ல வந்தது வேறு. எல்லாம் தபால் ஆபீஸ் விளக்கக் கடிதம் மாதிரி நம்பர் போட்டுத் தயாராக இருந்தது. வாயில் வந்தது ஒரே வார்த்தை.

"சொன்னேன்."

"சிரிச்சியாமே."

"சிரிச்சேன்."

அவன் ஒன்றும் சொல்லவில்லை. தொங்கும் ரயில் ஒரு சுற்று வந்தது. கேட் மூடித் திறந்தது. விளக்குகள் மறுபடி வந்து குட்டி ஊரில் பொழுது விடிந்ததும், அவன் முன்னால் குனிந்து ஒரு சிக்னலையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, யாரிடம் என்றில்லாமல், "அச்சுல ஒரு பக்கம் பிளாஸ்டிக் புஷ் போட்டிருப்பான்" என்றான்.

எனக்குப் புரியவில்லை. "எதுக்கு?" என்று கேட்டேன். பதினாலு மாதத்துக்குப் பிறகு நான் அவனிடம் கேட்ட முதல் கேள்வி அது.

"ஒரு தண்டவாளத்துல பிளஸ்ஸு, இன்னொண்ணுல மைனஸு. சக்கரம் வழியா மோட்டாருக்குக் கரண்ட் ஏறுது. ரெண்டு சக்கரமும் முழு இரும்பு அச்சுல இருந்தா ஷார்ட் ஆயிடும்ல? அதான் நடுவுல கரண்ட் பாயாம ஏதாச்சும் வச்சிருப்பான். சிக்னல் கிட்ட தண்டவாளத்தைத் துண்டா வெட்டி வச்சிருப்பான். சிவப்பு எரிஞ்சா அந்தத் துண்டுக்குக் கரண்ட் கட்டு. வண்டி தானா நிக்கும். டைவர் தேவையில்ல."

காட்சி முடிந்து எல்லோரும் வெளியே போக, அவன் மட்டும் போகாமல் அங்கிருந்த பையனைப் பிடித்துக்கொண்டான். சைக்கிளுக்கு இந்தி வராது, பையனுக்குத் தமிழ் வராது. விரலால் இரண்டு கோடு, நடுவில் ஒரு வெட்டு, "கரண்ட் நஹி?" என்றான். பையன் சிரித்துத் தலையாட்டினான். திருப்பிப் போட்டால் வண்டி பின்னால் போகுமா என்று கையைத் திருப்பிக் காட்டினான். அதற்கும் தலையாட்டல். பிளஸ்ஸையும் மைனஸையும் மாற்றினால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும் என்பது எட்டாம் வகுப்போடு நின்றவனுக்குத் தெரிந்திருக்கிறது, பி.எஸ்சி. பிசிக்ஸ் படித்த எனக்குத் தோன்றவில்லை. அவனை யார் எட்டாம் வகுப்போடு நிறுத்தினார்கள் என்றால், வேறு யார், அந்த சைக்கிள் வேலைதான். அப்பாவுக்குக் கை நடுக்கம் வந்து ஸ்போக்ஸ் கோர்க்க முடியாமல் போனதும் இவனைக் கூப்பிட்டுக்கொண்டார்.

வெளியே வந்து ஒரு மிசல் கடையில் உட்கார்ந்தோம். மிசல் என்பது முளைகட்டிய பயறுக் குழம்பில் மிக்சரைக் கொட்டித் தருவது. நம் ஊர்க்காரர்களுக்கு ருசி பழக ஒரு வாரம் ஆகும், காரம் பழகாது. சார் பில் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட ஆரம்பித்தார். அவருக்குப் பொழுது போவதே அப்படித்தான்.

"இந்தச் சின்னத் தண்டவாளம் பதினாறரை மில்லிமீட்டர். எம்பத்தேழால பெருக்கினா 1435. அது ஐரோப்பாக்காரன் பாதை. நம்ம அகலப்பாதை 1676. அப்ப இங்க 19 மில்லிக்கு மேல வரணும். பழைய மீட்டர் கேஜ்னா பதினொன்றரை. நம்ம ஊர் ரயில இந்த ஸ்கேல்ல சரியாச் செய்யணும்னா கடையில வாங்குற தண்டவாளம் உதவாது, நாமளே செஞ்சுக்கணும்."

"பேரளம் பாதை எவ்ளோ வரும் சார்?" சைக்கிள் கேட்டான்.

சார் வகுத்தார். "264 மீட்டர்."

"அவ்ளோதானா? நம்ம தெருவே அவ்ளோ இருக்குமே." கொஞ்ச நேரம் ஸ்பூனால் மிசலைக் கிளறிக்கொண்டிருந்துவிட்டு, "பத்தடிக்கு எட்டடி?" என்றான்.

சாரின் பேனா நின்றது. பிறகு போட்டார். "35 மில்லி, 28 மில்லி."

சைக்கிள் சட்டைப்பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தான். அதை மேஜையில் படுக்கவைத்து, அதன் மேல் விரலால் ஒரு கோடு கிழித்தான். முக்கால் தீப்பெட்டி. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். நானும் பார்த்தேன். உள்ளே ஓடிக்கொண்டிருந்த ஊரில் எத்தனை வீடு, எத்தனை கடை! அங்கே தண்டவாளம் போட யார் வீட்டையும் இடிக்க வேண்டியிருந்திருக்காது. முதலில் தண்டவாளம், பிறகு அதற்குத் தோதாக வீடு. பிடிக்கவில்லை என்றால் தூக்கி வேறு இடத்தில் ஒட்டிக்கொள்ளலாம். இதை நான் சொல்ல நினைத்தேன், நல்லவேளை சொல்லவில்லை. அன்றைக்கு எனக்கு வாய்த்த ஒரே நல்ல புத்தி அது.

அதற்குப் பதிலாக, "மனுவை எழுதுறப்ப உன் கடை அந்த இடத்துலதான் இருக்குன்னு எனக்குத் தெரியும்டா. நீ கையெழுத்துப் போடுறப்பவும் தெரியும். உங்கிட்ட நான் அதைச் சொல்லல" என்றேன்.

"எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?" என்றான். "எங்கப்பா கொட்டகை போடுறப்பவே சொன்னாரு, என்னைக்காச்சும் ரயிலு வரும்டா, வந்தா எடுத்துக்கிட்டுப் போயிடணும்னு. தெரிஞ்சுதான் போட்டேன். ரயிலு வரணும்ல?" தீப்பெட்டியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான். "நீ சிரிக்காம இருந்திருக்கலாம்."

நான் மன்னிப்புக் கேட்டேனா என்று என் மனைவி பிறகு கேட்டாள். கேட்டேன் என்றுதான் நினைக்கிறேன். மிசல் காரத்தில் மூன்று பேருக்கும் கண்ணில் தண்ணீர், என்ன வார்த்தை சொன்னேன் என்று சரியாக நினைவில்லை.

சார் அதற்குள் வேறு ஒன்று கண்டுபிடித்திருந்தார். "1676 மில்லின்னா அஞ்சடி ஆறு அங்குலம். ஏம்ப்பா, உன் உயரம் எவ்ளோ?"

சைக்கிளின் உயரம் ஐந்தரை அடி. பள்ளிக்கூடத்தில் டிரில் வரிசையில் எனக்கு அடுத்து நிற்பவன், எனக்குத் தெரியாதா.

"அட!" என்றான் சைக்கிள். "அப்ப நான் குறுக்க படுத்தா இந்தப் பக்கத்து தண்டவாளத்துல தலை, அந்தப் பக்கத்துல காலா? அகலப்பாதைக்கு என்னை அளந்துதான் போட்டிருக்கான். இதுக்கு மீட்டர் கேஜையே திரும்பப் போட்டுத் தொலைச்சிருக்கலாம்ல, நாலடி மிச்சம் கிடைச்சா கடையாவது தப்பிச்சிருக்கும்." "ரெண்டேகால் அடி" என்று சார் திருத்தினார். "ரெண்டேகால்ல ஒரு பெஞ்ச் போடலாம் சார்" என்றான் அவன். அந்தக் கடையில் மூன்று கிழவர்கள் சிரித்த சிரிப்புக்கு முதலாளி திரும்பிப் பார்த்தார்.

ஷீரடி தரிசனம் நல்லபடியாக முடிந்தது. கூட்டம் அதிகம். திரும்பி வரும்போது குண்டக்கல்லில் நான் டீ வாங்கினேன். பத்து ரூபாய்க் கணக்கு தீர்ந்தது என்று சார் அறிவித்தார்.

2025 மே மாதம் பேரளம் பாதையில் சோதனை ஓட்டம் என்று பேப்பரில் வந்தது. காலையிலேயே சைக்கிள் என் வீட்டு வாசலில் வந்து பெல் அடித்தான். இப்போது அவன் வீட்டு ஓரத்தில் தார்ப்பாய் கட்டி, கேட்டு வருகிறவர்களுக்கு மட்டும் வேலை செய்கிறான். இரண்டு பேரும் நடந்தே போனோம். கடை இருந்த இடம் எது என்று எனக்குத் தெரியவில்லை, எல்லாம் ஜல்லியும் மண் மேடும். அவன் சரியாக ஓர் இடத்தில் போய் நின்றான். பக்கத்தில் இருந்த வேப்பமரத்தை அடையாளம் வைத்திருக்கிறான். இங்கேதான் கம்ப்ரசர், இங்கேதான் பெஞ்ச் என்றான். போலீஸ்காரர் தள்ளி நிற்கச் சொன்னார். தள்ளி நின்றோம்.

வெயில் ஏறிக்கொண்டே போனது. பள்ளி விடுமுறை, அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் தூரத்தில் ஹாரன் கேட்டது. வந்தது, போனது. அவ்வளவு வேகத்தில் அந்தப் பாதையில் ஒரு வண்டி போய் நான் பார்த்ததே இல்லை. கரி என்ஜின் காலத்தில் கூடவே ஓடிப்போய் ஏறலாம். புழுதி அடங்க ஒரு நிமிஷம் ஆனது.

சைக்கிள் இன்னும் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏதோ பழைய ஞாபகம் போலிருக்கிறது என்று நான் சும்மா நின்றேன்.

"ஏன்டா," என்றான், "இதுல அச்சுக்கு நடுவுல பிளாஸ்டிக் இருக்காதுல்ல?"